கேசட் திருப்பும் நேரம்

விஷாகா என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். இருபத்திரண்டு வருடம் பெண்கள் பள்ளியில் 'டீச்சர், டீச்சர்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவள்தான் எங்கள் மேற்பார்வையாளர். சனிக்கிழமை தோறும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து, நானும் ஸ்டான்லியும் அந்த வாரம் என்ன கிழித்தோம் என்று கேட்டுவிட்டுப் போவாள்.

1999ஆம் வருடம் அது. செங்கல்பட்டு வேதாசலம் நகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆலோசனை மையம் இருந்தது. கீழே தலைவலி மாத்திரை வாங்க வருகிறவர்கள் தப்பித்தவறி மேலேயும் ஏறிவிடுவார்கள் என்று ஸ்டான்லி கேலி செய்வார். கவுன்சலர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஸ்டான்லி முப்பத்தெட்டு வயதுக்காரர், அதற்கு முன் குடிநோயாளிகளுக்கான விடுதியில் வார்டனாக இருந்தவர். நான் கணவர் இறந்த பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு டிப்ளமா படித்து வந்தவள்.

விஷாகா கடைப்பிடித்த முறைக்கு இருத்தலியல் என்று பெயர். தமிழில் சொன்னால் யாருக்கும் புரியாது. ஆங்கிலத்தில் சொன்னால் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். அவள் எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: வருகிறவரைப் பழுதுபார்க்க வேண்டாம். அவருக்கும் சாவு உண்டு, தனிமை உண்டு, எதற்கு இருக்கிறோம் என்ற கேள்வி உண்டு. உங்களுக்கும் உண்டு. அதை மறைக்காமல் அவர் எதிரில் உட்காருங்கள்.

அதனால் அவளிடம் கேஸ் பேசும்போது வந்தவரின் கதையை முதலில் சொல்லக் கூடாது. "அந்த ரூம்ல நீங்க எங்க இருந்தீங்க வத்சலா?" என்பாள். முதல் தடவை "நாற்காலியில்" என்றேன். ஸ்டான்லி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. நான் எங்கே இருந்தால் இவளுக்கு என்ன, வந்தவருக்குக் குணமாக வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

சம்மதம் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு அமர்வையும் கேசட்டில் பதிவு செய்வோம். சனிக்கிழமை விஷாகா அதைக் கேட்பாள். கேஸ் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. மையத்தில் வெற்று கேசட் தட்டுப்பாடு என்று வந்தபோது நானாகத்தான் சொன்னேன், எங்கள் வீட்டில் இரண்டு பிஸ்கட் டின் நிறையக் கிடக்கிறது என்று.

என் கணவர் பாஷ்யம் இருபது வருடம் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட் சொல்லிக்கொடுத்தவர். மாணவர்கள் எழுதிப் பழகுவதற்காக அலுவலகக் கடிதங்களை நிமிடத்துக்கு எண்பது சொல், நூறு சொல் என்று வாசித்துப் பதிந்து வைப்பார். அந்த கேசட்டுகள்தான் அவை. அறுபது நிமிட கேசட், பக்கத்துக்கு முப்பது நிமிடம். 1994இல் அவர் போனார். காரியங்கள் முடிந்த மறுநாளே அவர் சட்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மாதம் முடிவதற்குள் டைப்ரைட்டர்களும் போயின. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பற்றை விட்டவள் பெரியவள் என்று பிறந்ததிலிருந்து கோவில் வாசலில் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படி அசந்துபோய் யாராவது பார்த்தால் எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். கேசட்டுகளைக் கொண்டுபோய் மையத்தில் வைத்தபோதும் அந்தப் பெருமை இருந்தது.

வரதன் ஜூலை மாதம் வந்தார். மாமல்லபுரம் பக்கத்தில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் தோட்டக்காரர். வயது ஐம்பத்திரண்டு. ஓட்டல் மேனேஜர் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி ஒரே இடத்தில் நின்றுவிடுகிறாராம். புல்தரை குளமாகும்வரை நகர்வதில்லையாம். அவருடைய மனைவி வரலட்சுமி அதே ஓட்டலில் அறை துடைக்கிற வேலையில் இருந்தார். பத்து மாதத்துக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனார். இதை அவர் ஐந்தே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

பதிவு செய்யப் போகிறேன் என்றதும், "போலீஸ்காரங்க யாராச்சும் கேப்பாங்களா மா?" என்று கேட்டார். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் மட்டும் கேட்பார், பிறகு அழித்துவிடுவோம் என்றேன். சரி என்றார். கேசட் ஓடுகிறதா என்று பார்க்க பட்டனை அழுத்தினேன். பாஷ்யத்தின் குரல் வந்தது. "டியர் சார், வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்..." வரதன் திடுக்கிட்டு டேப் ரிக்கார்டரைப் பார்த்தார்.

"பழைய கேசட்" என்று சொல்லிவிட்டு, முதலுக்குச் சுற்றி, அதன் மேலேயே பதிவைத் தொடங்கினேன். ஒவ்வொரு புதன்கிழமையும் டின்னிலிருந்து வேறொரு கேசட் எடுப்பேன், சோதிப்பேன், டியர் சார் வரும், சுற்றிவிட்டுப் பதிவேன். அது என்னவோ பாத்திரம் கழுவுகிற மாதிரி பழகிப்போயிருந்தது.

நான்கு புதன்கிழமை வந்தார். நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். அமைதியாகப் பேசினார், அமைதியாகக் கேட்டேன்.

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை. ஸ்டான்லி ஸ்டேஷன் பக்கத்துக் கடையிலிருந்து மெதுவடை வாங்கி வந்திருந்தார். நாலாவது கேசட்டைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு வடையை எடுத்துக்கொண்டோம். பெட்டியிலிருந்து வரதனின் குரல் வந்தது. வேலை, பேருந்து, மச்சினி வீடு என்று பேசிக்கொண்டு போனார். பிறகு ஒரு நீளமான மௌனம்.

"ஒண்ணு கேக்கட்டுமா மா?"

"ஒரு நிமிஷம், கேசட் முடிஞ்சுது. திருப்பிக்கறேன்" என்றது என் குரல்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் எழுந்து, நிறுத்தி, கேசட்டைத் திருப்பிப் போடுவேன். அன்று கை முழுக்க எண்ணெய். துடைக்கக் காகிதம் தேடினேன். அதற்குள் கேசட் மேலே ஓடிற்று.

"...வீ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி அக்னாலெட்ஜ் ரெசீப்ட் ஆஃப் தி சேம். யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி." பிறகு ஒரு சின்ன இருமல். "வத்சலா, போதும், நிறுத்து."

  பாஷ்யம் வாசிக்கும்போது ரிக்கார்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான்தான். ஒவ்வொரு கடிதம் முடிந்ததும் நிறுத்தச் சொல்வார், நிறுத்துவேன். அந்தக் குரல் என் பெயரைச் சொல்லி ஐந்து வருடம் ஆகியிருந்தது. வடையைத் தட்டில் வைத்தேன்.

விஷாகா எழுந்து நிறுத்தினாள். யார் என்று கேட்கவில்லை. கேசட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நாடா இன்னும் கால் பங்கு மிச்சமிருந்தது.

"கேசட் முடியலையே வத்சலா."

"முடிஞ்சுதுன்னு நினைச்சேன்" என்றேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

அவள் மற்ற மூன்று கேசட்டுகளையும் அலமாரியிலிருந்து எடுத்து வரச்சொன்னாள். ஒவ்வொன்றாகப் போட்டு, ஓட்டி ஓட்டி, நான் நிறுத்திய இடத்துக்கு வந்தாள். முதல் வாரம் இருபத்தாறாவது நிமிடம். இரண்டாவது வாரம் பத்தொன்பது. மூன்றாவது வாரம் இருபத்து நாலு. மூன்றிலும் அதே மௌனம், "ஒண்ணு கேக்கட்டுமா மா?", அதே என் குரல், உடனே டியர் சார். திருப்பிய பக்கத்தில் நான் கேட்கிறேன், "ம், என்னமோ கேட்க வந்தீங்களே?" வரதன் சொல்கிறார், "ஒன்னியும் இல்ல மா."

நான்கு வாரமாக ஒரு மனுஷர் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து வந்து திரும்பிப் போயிருக்கிறார். அவர் வாயைத் திறக்கிறபோதெல்லாம் நான் எழுந்து கதவைச் சாத்தியிருக்கிறேன். திருட்டுத்தனம் பிடிபட்ட சிறுமி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"அவர் என்ன கேட்பார்னு பயந்தீங்க?" என்றாள் விஷாகா.

"தெரியலை."

"பரவாயில்ல. தெரியலைன்னு இன்னிக்குதான் முதல்ல சொல்றீங்க." அவள் நாலாவது கேசட்டை மறுபடி போட்டு, கேள்விக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டிவிட்டாள்.

வரதன் பேசினார். "சைக்கிள சகலைக்கு குட்த்துட்டேன் மா. ரேடியோவ பக்கத்து வூட்ல குட்த்துட்டேன். அவ பொடவ ரெண்டு இருந்துச்சி, மச்சினி எட்துகினு போச்சி. வூடு இப்ப காலியா கீது."

"ரொம்ப நல்லது" என்றது என் குரல். அதில் ஒரு பூரிப்பு வேறு.

ஸ்டான்லி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், இவரு வூடு எங்க?"

"நெம்மேலி."

"நெம்மேலிலேந்து ஓட்டலுக்கு இன்னாத்துல போறாரு?"

"சைக்கிள்ல."

"சைக்கிள குட்த்துட்டாரே." ஸ்டான்லி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாளைக்கு வேலைக்குப் போவணும்னு நெனைக்கிறவன் சைக்கிள குடுக்க மாட்டான் மேடம்."

மேஜைமேல் என் கேஸ் குறிப்பு திறந்திருந்தது. விஷாகா அதைத் தன் பக்கம் திருப்பினாள். நான்காம் அமர்வுக்குக் கீழே முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தேன்: 'பற்று குறைகிறது. நல்ல முன்னேற்றம்.' அவள் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. படித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

நான் சட்டைகளை எடுத்துக் கொடுத்தது உயிரோடு இருப்பதற்காக. இந்த மனுஷர் கொடுத்தது எதற்காக என்று ஒரு பேச்சு கேட்கவில்லை. என்னைப் போலவே செய்கிறார் என்று பார்த்ததும் மனசு குளிர்ந்து, மார்க் போட்டுவிட்டேன். டீச்சர் புத்தி.

விஷாகா ஓட்டலுக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமையிலிருந்து லீவு என்றார்கள். என்ன காரணம் என்று சொல்லவில்லையாம்.

"அடுத்த அமர்வு புதன்கிழமை" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"புதன் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. இப்ப போங்க. நான் இங்கேயே இருந்து டாக்டரைப் பிடிச்சு வைக்கறேன்."

"வர்றவங்க வீட்டுக்கு நாம போகக் கூடாதுன்னு விதி இருக்கே?"

"விதி யாருக்காக?"

கைப்பையை எடுத்துக்கொண்டேன். படிக்கட்டு வரைக்கும் கூட வந்தாள். "சாகணும்னு இருக்கான்னு நேராவே கேளுங்க. கேட்டா தூண்டிவிட்ட மாதிரி ஆயிடும்னு பயப்படாதீங்க, ஆகாது. அப்புறம் அவர் கேட்க வந்ததைக் கேட்கட்டும். நீங்க எந்திரிக்காதீங்க."

ஸ்டான்லியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். திருக்கழுக்குன்றத்தில் மலையிறங்கி வந்த கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. ஆளாளுக்குப் பிரசாதப் பொட்டலம், ஆளாளுக்கு அவசரமில்லாத நடை. அவர்கள் பேரிலெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. மாமல்லபுரம் தாண்டிக் கடலோரச் சாலைக்கு வந்தபோது மணி இரண்டு. ஸ்டான்லி வழியெல்லாம் வாயோரத்தில் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஜெபம் என்று பிறகுதான் தெரிந்தது.

வரதன் வீடு காலனியில் மூன்றாவது. கதவு சாத்தியிருந்தது. பூட்டு இல்லை. ஸ்டான்லி தட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளினார். சுத்தமாகப் பெருக்கிய தரை. ஒரு பாய், ஒரு சொம்பு. சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்தாள். வேண்டா என்று பெயராம். அவள் வீட்டுக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "யாரு நீங்க? வரதண்ணனயா பாக்கணும்? கடலாண்ட போய்க்கீறாரு. சவுக்குத் தோப்புல குந்திகினு இருப்பாரு. மூணு நாளா சோறு குட்த்தாலும் துன்றதுல்ல. நீங்களாச்சும் சொல்லுங்கமா."

தோப்பு ஓரத்தில் ஸ்டான்லி நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன். மணலில் செருப்பு புதைந்தது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கடைசி மரத்தடியில் கடலைப் பார்த்து வரதன் உட்கார்ந்திருந்தார். முதுகைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தேன். புடவையெல்லாம் மண்.

அவர் பதறி எழப் பார்த்தார். "இன்னா மா, நீங்க எங்க இங்க?"

"உட்காருங்க வரதன். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். பிறகு கேட்டேன். அதற்கு முன் வாழ்க்கையில் யாரிடமும் கேட்டிராத கேள்வி. "சாகணும்னு இருக்கீங்களா?"

மண்ணை ஒரு பிடி அள்ளிக் கீழே விட்டார். "ஆமா மா. இந்த வாரத்தோட போதும்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. ஒண்ணு கேக்க வேண்டியது பாக்கி இருந்துச்சி. அது ஒண்ணு தொண்டையில மாட்டிகினு."

"கேளுங்க" என்றேன். என் கைகள் மடியில் இருந்தன. பட்டன் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அழுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அந்த கேசட்டுல ஒரு ஆம்பள கொரல் வருமே மா. நீங்க அத்த மொதல்ல போட்டுப் பாப்பீங்க. அப்புறம் அது மேலயே என் பேச்ச எடுப்பீங்க. அது யாரு மா?"

நான்கு வாரமாக வந்த கேள்வி இதுதான். சாவு, பாவம், கடவுள் என்று என்னென்னவோ நினைத்துப் பயந்திருந்தேன் போலிருக்கிறது. அவர் என்னைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார்.

"என் வீட்டுக்காரர்."

"கீறாரா?"

"இல்ல. அஞ்சு வருஷமாச்சு."

வரதன் தலையை ஆட்டினார். "நெனச்சேன். மொத நாளே நெனச்சேன். நீங்க பட்டன அமுக்கின அவசரத்துல தெரிஞ்சிச்சி." கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கிட்ட அவ கொரலு இல்ல மா. போட்டோ ஒண்ணு கீது, அதுவும் ரேஷன் கார்டுல. மூஞ்சி நெனப்புல கீது. கொரலு மறந்துகினே வருது. குழாய புட்ச்சிகினு நிப்பேன், வராண்டாவுலேந்து கூப்புடுவாளே, எப்டி கூப்புடுவான்னு யோசிப்பேன். வர மாட்டேங்குது. உங்க கையில பொட்டி நெறைய கீது. அது மேல என் பேச்ச வச்சி அழிக்கிறீங்க. எனக்கு பேஜாரா இருந்துச்சி மா. நான் வாயத் தொறந்தா அவரு போறாரு. அதான் கம்மியா பேசினேன்."

கண்ணீர் தானாக வந்தது. துடைக்கவில்லை. டிப்ளமாவில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது.

"ஏன் மா அழிக்கிறீங்க?"

"கேட்க முடியலை" என்றேன். "கேட்க முடியாதுன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அழிச்சேன்."

அவர் என்னை முழுசாகப் பார்த்தார். நானும் முதல் முறையாக அவரைப் பார்த்தேன். கன்னத்தில் மூன்று நாள் வெள்ளைத் தாடி, கீழுதட்டில் வெடிப்பு, கண் ஓரத்தில் வெயில் போட்ட சுருக்கம்.

பிறகு அவர் சொன்னார். இறந்த அன்றைக்குக் காலையிலேயே வரலட்சுமிக்குக் காய்ச்சல் கொதித்ததாம். ஓட்டலுக்கு ஒரு பெரிய கூட்டம் வருகிற நாள். டூட்டி முடியட்டும், சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இவர்தான் சொன்னாராம். சாயங்காலம் போனபோது நேரமாகிவிட்டிருந்தது. "நான் காத்திருக்கச் சொன்னேன் மா. அவ சரின்னா. அந்த சரிதான் கடசி. அந்த சரி எப்டி இருந்துச்சின்னுதான் ஞாபகம் வர்ல."

உங்கள் தப்பு இல்லை என்று வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவர் கதவும் சாத்திக்கொள்ளும். விழுங்கினேன்.

"ஆமாம். காத்திருக்கச் சொன்னீங்க" என்றேன்.

அவர் உடம்பு குலுங்கிற்று. சத்தமில்லாமல் அழுதார், ரொம்ப நேரம். நான் எழவில்லை. வெயில் மரம் மாறி வந்து என் மேல் விழுந்தது, அப்போதும் எழவில்லை. ஒரு மனுஷர் அழும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

அழுது ஓய்ந்ததும், இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சாகணும் என்கிற எண்ணம் போய்விட்டதா என்றேன். "பொய் சொல்ல மாட்டேன் மா. கீது. ஆனா இன்னிக்கி இல்ல" என்றார். இன்றைக்கு அது போதும் என்று பட்டது. தனியாக இருக்கக் கூடாது, சகலை வீட்டில் இருக்க வேண்டும், திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும், புதன்கிழமை என்னிடம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஸ்டான்லி வேண்டாவிடமிருந்து ஒரு தட்டுச் சோறும் குழம்பும் வாங்கி வந்தார். நாலு வாய் சாப்பிட்டார். திருக்கழுக்குன்றத்தில் இருந்த சகலை வீட்டுக்குப் பேருந்தில் நானே கொண்டுபோய் விட்டேன். வாசலில் அவருடைய சைக்கிள் நின்றது. அதன் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மையத்துக்குப் போய் மிச்ச கேசட்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒன்றைப் போட்டேன். கப்பல் வந்தது, சரக்கு வரவில்லை, தயவுசெய்து விளக்கம் தரவும் என்று பாஷ்யம் நிமிடத்துக்கு எண்பது சொல் வேகத்தில் யாரோ ஒரு கம்பெனியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். கடிதத்துக்குக் கடிதம் "வத்சலா, நிறுத்து" என்றார். நிறுத்தாமல் பக்கம் முடியும்வரை கேட்டேன். அன்று மதியம் சமைக்கவில்லை.

திங்கட்கிழமை வரதன் டாக்டரைப் பார்த்ததாக விஷாகா போனில் சொன்னாள். செவ்வாய்க்கிழமை எந்தத் தகவலும் இல்லை.

புதன்கிழமை அவர் நேரம் பதினோரு மணி. பதினொன்று பத்து ஆயிற்று. பதினொன்று இருபது. ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்தபடி இருந்தேன். பேருந்து தாமதமாக வரும் என்று நூறு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஸ்டான்லி இரண்டு தடவை காரணமில்லாமல் என் அறைக்குள் வந்துவிட்டுப் போனார்.

பதினொன்று இருபத்தைந்துக்குப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வரதன் சவரம் செய்திருந்தார். உட்காருவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். புது கேசட். மேலே சுற்றிய கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. தொண்ணூறு நிமிடம் ஓடுவது.

"பஸ் ஸ்டாண்டாண்ட கட தேடி வாங்கினேன் மா, அதான் லேட்டு. இனிமே என் பேச்ச இதுல எடுங்க. அவர வுட்டுடுங்க."

நான் அதைக் கையில் எடுத்தேன்.

"சனிக்கிழமையே மனசுல வந்துடுச்சி" என்றார் அவர். "இத்த உங்க கைல குடுக்கணும்னுதான் புதன் வரைக்கும் இருந்தேன்."

காகிதத்தைப் பிரிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. சோதித்துப் பார்க்க பட்டனை அழுத்தினேன். யாரும் பேசவில்லை, காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. முதலுக்குச் சுற்றிப் பதிவைத் தொடங்கினேன். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். அவர் வரலட்சுமியைப் பற்றிப் பேசினார். அவள் அறை துடைக்கும்போது பாடுவாள் என்றார், பாட்டு ஞாபகமில்லை என்றார், அடுத்த நிமிடம் இரண்டு வரி முனகிப் பார்த்தார். அது இல்லை என்று தலையசைத்தார். மறுபடி முனகினார்.

பாதியில் டக்கென்று சத்தம் கேட்டது. இந்தத் தடவை கேசட் தானாகவே முடிந்து நின்றிருந்தது. வரதன் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார்.

கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன்.